சிம் இல்லாத டப்பா

"அவுங்க ஊட்டு வாசப்படிய நாம மிதிச்சதே இல்ல. மாடில உன் டப்பாவ வெக்க உட்ருவாங்களா? நாலெழுத்து படிச்சிக்கினு வந்துட்டா எல்லாம் மாறிடுமாடி?" என்றாள் அம்மா.

அந்த வீட்டு நிலத்தில் நாற்று நட்டவள் அவள். இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. இதைச் சொல்லும்போது இன்றும் என் தோள் கொஞ்சம் நிமிரும்.

டப்பா என்று அம்மா சொன்னது உள்ளங்கை அளவு ரேடியோ. சிம், டவர், நெட் எதுவும் வேண்டாம். ஒன்று அனுப்பும் சிறு செய்தியை இன்னொன்று வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிடும். முந்தைய வருஷ மழையில் டவர் விழுந்து இரண்டு நாள் ஊரே ஊமையாகக் கிடந்தது. புயல் நிறுத்தினாலும் அரசாங்கத்தின் ஓர் உத்தரவு நிறுத்தினாலும் சுவிட்ச் நம் கையில் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. மூன்று டப்பா நானே சாலிடர் வைத்துச் செய்தேன். ஒன்று வீட்டில், ஒன்று அம்மாவின் சாப்பாட்டுப் பையில். நடுவில் ஒன்று உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் உயரம் என்றால் அந்த மூன்று மாடி வீடுதான்.

அந்த வீட்டு மருமகளை என் அம்மா "அம்மா" என்பாள். மாடியில் இடம் கேட்டுப் போன நான் "அக்கா" என்றேன். புருவத்தைத் தூக்கினார். ஆனாலும் நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"கவர்மெண்ட்ல கேட்டா?"

"இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேணாம்க்கா."

"அனுப்புறத யாராச்சும் படிச்சிட்டா?"

"பூட்டித்தான் போவும். சாவி நம்மகிட்ட மட்டும்தான்."

"எங்க மாமியாராலகூட படிக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"அப்ப எனக்கும் ஒண்ணு செஞ்சி குடு. ஏறு மேல."

மாடிப்படி வீட்டுக்குள் இருந்தது. கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். போனேன்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அவள் டப்பாவில் ஒரே பொத்தான். ஒரு தட்டு என்றால் கிளம்பிவிட்டேன். இரண்டு என்றால் கம்பெனியிலேயே பத்திரமாக இருக்கிறேன், வர வேண்டாம். மூன்று என்றால் உடனே வாங்க.

அடுத்த கார்த்திகை மழையில் மறுபடி டவர் போனது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்த அம்மா நாலாகியும் வரவில்லை. தரைப்பாலத்தில் வெள்ளம் ஏறுகிறது என்றார்கள். அப்பா வண்டியை வெளியே தள்ளினார்.

"நைனா, கொஞ்சம் இரு."

"இன்னாத்துக்கு இருக்கறது? அவ எங்க நின்னுகினு கீறாளோ!"

அப்போது டப்பாவின் சின்னத் திரையில் 2 வந்தது. மறுபடி 2. ஏழு முறை. அம்மா விடாமல் அமுக்கியிருக்கிறாள். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மறுநாள் போய்ப் பார்த்தபோது பாலத்தில் பாதி இல்லை.

திரும்பி வந்த அம்மா நேராக அக்கா வீட்டுக்குப் போனாள், வழக்கம்போல் பின்பக்கமாக. அக்கா முன்வாசலுக்கு வரச் சொல்லி, மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார்.

"இத்தினியூண்டா!" என்றாளாம் அம்மா.

அக்காவுக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்வேன். ஆனாலும் ஒரே மாடியை நம்பியிருந்தால் சுவிட்ச் இன்னும் வேறு ஒருவர் கையில்தான். அதை அவரிடமே சொன்னேன்.

"ஆமா, எங்க மாமியார் ஒருநாள் புடுங்கிப் போட்டுட்டா?" என்று சிரித்தார்.

போன ஞாயிறு எங்கள் காலனி மாதா கோயில் உச்சியில் உயரமாக ஒரு கம்பம் நட்டு இன்னொரு டப்பாவைக் கட்டிவிட்டேன். கம்பம் அக்கா கொடுத்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டது அம்மா.