பழுதாகாத ஏசிக்கு வந்த முறைப்பாடு

ஏசி வேலைக்கு வந்த நாளிலிருந்து "குளிரவில்லை" என்ற முறைப்பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன். குளிர்கிறது என்று கூப்பிட்டவர் நீர்வேலிக் கந்தையா ஐயா ஒருவர்தான். அதுவும் மார்கழியில், வாடைக்காற்றுக்கு ஊரே சுவெற்றர் போட்டுக்கொண்டு திரியும் நேரம்.

அந்த மெஷினைச் சுவரில் பூட்டியவனும் நான்தான். சித்திரை வெக்கையில் ஐயா மயங்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டு, கனடாவில் இருக்கும் மகன் நிமலன் போனிலேயே எல்லாம் ஒழுங்குபண்ணினான். வைஃபை உள்ள மெஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அங்கே இருந்துகொண்டே இங்கே ஏசியைப் போடலாம், நிற்பாட்டலாம். தகப்பனில் இவ்வளவு கரிசனையா என்று மெச்சிக்கொண்டு பூட்டிவிட்டு வந்தேன்.

இப்போது போய்ப் பார்த்தால் ஐயா சுவெற்றர் போட்டு, தலையில் துவாயைச் சுற்றி, போர்வைக்குள் இருக்கிறார். வாழைத்தோட்டத்தில் வெறும் மேலோடு நின்ற மனிதர். கதைக்கும்போது நெஞ்சு இழுத்தது. குளிர் படவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

பில்டர், காஸ் எல்லாம் பார்த்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. மகன் போனில் நேரம் குறித்து வைத்தபடி, பொழுதுபட்டால் இருபது டிகிரியில் தானாக ஓடத் தொடங்கும். ஐயா ரிமோட்டால் நிற்பாட்டினால், கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்து மகன் அங்கிருந்து திரும்பப் போடுவான். ஒருமுறை மெயின் சுவிட்சையே நிற்பாட்டியிருக்கிறார். மகனின் போனில் தொடர்பு அறுந்துவிட்டது. அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவன் சொந்தக்காரரை எல்லாம் ஓடிவரப் பண்ணிவிட்டான். அதோடு ஐயா சுவிட்சைத் தொடுவதில்லை.

"எனக்கெண்டு ஆசையாய்ச் செய்தவன். குளிருதெண்டு சொன்னா மனம் நொந்துபோவான். நீர் இது பழுதெண்டு சொல்லிவிடும், தம்பி."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் பூட்டிய மெஷினை நானே பழுதென்று சொல்வதா? சொன்னாலும் அவன் சும்மா இருப்பானா? அடுத்த கிழமையே புதிது ஒன்று வந்து நிற்கும், அதையும் நான்தான் வந்து பூட்டவேண்டும். ஐயா இவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை.

நானே கதைக்கிறேன் என்று நிமலனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். ஐயா பதறிப்போய்ப் போர்வையையும் துவாயையும் கழற்றத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் எடுக்கும் நேரம் அவருக்குத் தெரியும். முன்கூட்டியே எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, சேட்டோடு சிரித்துக்கொண்டு இருப்பாராம். இன்றைக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

நிமலனுக்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே தடித்த ஜக்கெற், காதை மூடிய கம்பளித் தொப்பி, மேலே ஒரு போர்வை. மூக்கு சிவந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்ன கோலம் மோனை? ஞாயிற்றுக்கிழமையிலை மெல்லிய சேட்டோடை எல்லோ இருப்பாய்?"

அவன் மழுப்பிப் பார்த்தான், முடியவில்லை. குடியிருப்பது நிலத்துக்குக் கீழே உள்ள அறையில். ஹீற்றரைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி மேல்வீட்டில். வீட்டுக்காரருக்கு அங்கே கதகதப்பாக இருப்பதால் குறைத்தே வைத்திருக்கிறார். நல்ல மனிதர், அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று இவன் ஜக்கெற்றோடு படுக்கப் பழகிவிட்டான்.

"மேலை இருக்கிறவருக்குக் கீழை குளிருறது எப்பிடி அண்ணை தெரியும்?" என்று என்னிடம் சொன்னவன், தகப்பனின் தலையில் பாதி அவிழ்ந்து தொங்கிய துவாயைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அப்பா, உங்களுக்கும் குளிருதோ?"

"ஓம் மோனை."

அந்த இடத்திலேயே தன் போனிலிருந்து ஏசியை நீக்கிவிட்டான். கண் கலங்கியிருந்தது. ஆனால் ஐயா விடவில்லை.

"நான் வாய் திறந்து சொல்லிப்போட்டன். இனி நீ போய் மேலை சொல்லு."

போனைக் கையில் பிடித்தபடியே அவன் படியேறினான். கதவைத் தட்டும் சத்தம் நீர்வேலியில் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

முன்பெல்லாம் எத்தனையில் வைப்பது என்று வாங்கிக் கொடுப்பவரிடம்தான் கேட்பேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, அந்த அறையில் படுப்பவரிடம் கேளுங்கள். ரிமோட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.