என் பெயரில் படுத்திருந்தவர்

"அப்பா பேரு?" என்று நான் கேட்டதும் கொத்தனார் அண்ணன் என் அப்பாவின் பெயரைச் சொன்னார். ஊர் கேட்டேன், என் ஊரைச் சொன்னார். வயதில் மட்டும் தடுமாறினார். தன் வயதில் எட்டைக் குறைத்துச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜெபல் அலியிலிருந்து துபாய் போகும் பிக்கப் வண்டியின் பின்பக்கம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த மனிதரை இப்படிப் பாடம் ஒப்பிக்க வைத்து அழைத்துப் போனேன். அவர் சட்டைப் பையில் என் ஆஸ்பத்திரி கார்டு இருந்தது. அதில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம் மீசை வைத்த எந்தத் தமிழனுக்கும் பொருந்தும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அவரை ஷார்ஜாவுக்கு அழைத்து வந்த கம்பெனி ஒருநாள் ஷட்டரை இழுத்து மூடிவிட்டது. விசா கொடுத்த கஃபீல், பாஸ்போர்ட்டோடு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் எங்கள் கேம்புக்கு வந்து ஒண்டினார். எட்டுப் பேர் படுக்கும் ரூமில் ஒன்பதாவது ஆள். யார் டியூட்டிக்குப் போயிருக்கிறார்களோ அவர்கள் கட்டிலில் படுப்பார். எங்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு, "பசிக்கல தம்பி, நீங்க சாப்பிடுங்க" என்பார். ஒருநாள் எதற்கோ திரும்பி வந்தபோது, சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பானையைத் தேய்ப்பதுபோலப் பாவனை செய்தார்.

நன்றி கெட்டத்தனமாகப் பேசக் கூடாது. கார்டு உள்ளவனுக்கு அந்த நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் ராஜ உபசாரம்தான். ஏசி வார்டு, வெள்ளை விரிப்பு, மதியம் கோழி, கூடவே ஓர் ஆப்பிள். முந்தைய வருஷம் காலில் கம்பி கிழித்து நான் ஐந்து நாள் அங்கே கிடந்திருக்கிறேன். ஆனால் கார்டு இல்லாதவன் வாசலை மிதித்தால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று கேம்பில் பேச்சு. நிஜமா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. நானாவது போய்க் கேட்டிருக்கலாம்.

எங்கேயோ மறைவாகக் கூலி வேலைக்குப் போன இடத்தில் அண்ணனுக்குக் காலில் பலகை ஆணி ஏறிவிட்டது. நாலாம் நாள் கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது. கார்டை நீட்டினேன்.

"வேணாம்பா, மாட்டுனா உன் பொழப்பும் போயிரும்" என்றார்.

"சும்மா இருங்கண்ணே! காலே போயிரும்போல இருக்கு. நீங்க இனிமே நானு, அவ்வளவுதான். எதைக் கேட்டாலும் என்னை மனசுல வச்சுப் பதில் சொல்லுங்க. என் பைல் அங்க இருக்கு. அதுல இருக்கறதுக்கு மாத்திச் சொன்னா ரெண்டு பேரும் உள்ள போயிருவோம்."

நல்ல மாணவர் அவர். தலையாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சுலபமாக நடந்தது. கட்டிலில் படுக்கவைத்தார்கள், பைல் வந்தது. மலையாள நர்ஸ் ஒருவர் அதைப் புரட்டி, "போன வர்ஷம் பென்சிலின் போட்டது, இல்லே? அலர்ஜி ஒண்ணும் வந்தில்லல்லோ?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். பதில் மறந்துவிட்டது என்று நினைத்தேன். நர்ஸ் மறுபடி கேட்டார். நான் நர்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்று இல்லையென்று தலையசைத்தேன்.

"மாஃபி சிஸ்டர், ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன்.

ஊசி போட்டதும் என்னை வெளியே அனுப்பினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, இனிமேல் கவலையில்லை என்று பெருமூச்சுவிட்டேன். உள்ளே ஓடினார்கள், ஏதோ வண்டியைத் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, என் பெயரைச் சொல்லி, அவர் இறந்துவிட்டார் என்று என்னிடமே சொன்னார். உங்களுக்கு அவர் என்ன வேண்டும் என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லாவிட்டால் தந்தி என் வீட்டுக்குப் போயிருக்கும். சொன்னேன். சில வாரம் உள்ளே வைத்து ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். அதற்குள் அண்ணன் பெட்டியில் வந்து சேர்ந்திருந்தார். முகத்தையாவது காட்ட வேண்டுமே என்று விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொடுத்தார். கால் புண் எப்படி ஆளைக் கொல்லும் என்று கேட்டார். நர்ஸ் போட்ட ஊசி சேரவில்லை என்றேன். "என்ன ஊசி?" என்றார். சொன்னேன்.

"பென்சிலினா? கல்யாணத்துக்கு முந்தியே அதப் போட்டுச் சாவக் கெடந்தவராச்சே! எந்த டாக்டர்கிட்டப் போனாலும் மொத வார்த்தை அதத்தான சொல்லுவாரு? அங்க யாரும் கேக்கலயா தம்பி?"

"கேக்கல அண்ணி" என்றேன்.

"கேக்காம எப்படிப் போடலாம்? அவ கை வெளங்குமா?" என்று அந்த நர்ஸைச் சபித்து அழுதார். நான் காபியைக் குடித்து முடித்தேன்.

இப்போது எனக்கு மருந்துச் சீட்டும் கையுமாகத்தான் பொழுது போகிறது. அண்ணியும் இருக்கிறார். காது மந்தமாம், கண் தெரியவில்லையாம். கணவர் பேச்சு வந்தால் அந்த நர்ஸை இன்னும் சபிக்கிறாராம். இரண்டு முறை கேட்ட பெண் அந்த நர்ஸ்.