எண்ணெய்க் கை

எங்கள் தெருவில் பாவு நீட்டும் நாளில் சமைக்கிற கை பாவைத் தொடக்கூடாது. சேலையின் நீளவாட்டு இழைகளைத்தான் பாவு என்கிறோம். விடிந்ததும் அதைத் தெரு நெடுகக் கட்டி, சொந்தபந்தம் எல்லாம் இரண்டு பக்கமும் நின்று, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். பட்டில் எண்ணெய் பட்டால் கறை நிற்கும். அதனால் அந்தச் சட்டத்தில் எனக்குக் குறை இல்லை. அதைச் சாக்காக வைத்துக் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அடுப்பின் முன்னாலேயே உட்கார வைத்தார்களே, அதில்தான் கோபம்.

நான் தறி பழகிவிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். இங்கே உள்ள இரண்டு தறிகளில் ஒன்றில் நெய்வதும் நான்தான். மதியம் குழம்பு தாளித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தால் என் கையை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. தெருவில் நாலு பேர் கூடும் நாளில் மட்டும் அது எண்ணெய்க் கை ஆகிவிடும். ஒருமுறை, "கழுவிட்டு வரேன், அத்த" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கழுவினா பிசுக்கு போயிடுமா? நீ அடுப்பாண்ட இரு" என்றார் மாமியார்.

பக்கத்தில் நின்ற கொழுந்தன், "அண்ணி கை பட்டா சேலையில வெங்காய வாசனை வரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வாயை மூடிக்கொண்டு அடுப்பை ஊதினேன்.

இந்தத் தை மாதம் நீட்டிய பாவு வேறு. என் மகளின் முகூர்த்தச் சேலை அதில்தான் வரப்போகிறது. அரக்கு நிறம். அதை நெய்யப்போவது நான். அவள் கட்டிக்கொள்ளப்போகும் இழையில் முதல் நாளிலேயே என் கையும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நாளைக்கு நான் பாவுல நிக்கறேங்க. அடுப்ப வேற யார்னா பாக்கட்டும்."

"காலையில பாத்துக்கலாம்" என்றார் போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

காலையில் சந்து முனையில் மூன்று கல் வைத்திருந்தது. பக்கத்தில் சவுக்குக் கட்டை, பெரிய இரும்புச் சட்டி. அத்தனை பேருக்கும் ஆக்குகிற சட்டி வீட்டு கேஸ் அடுப்பில் நிற்காது. பாவு நீட்டும் நாளில் சமையல் எப்போதும் வெளியில்தான், அதுவும் புகை பாவுப் பக்கம் போகாதபடி காற்று பார்த்து. யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் உட்கார வேண்டிய மணைக்கட்டையைக்கூடப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த மணையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனாலும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோதே ஒன்று முடிவு செய்தேன். இன்றைக்கு ஒரு பொட்டு எண்ணெய் என் விரலில் படாது. கரண்டியாலேயே எண்ணெய் ஊற்றினேன். சட்டியைப் பிடிக்கத் துணி வைத்துக்கொண்டேன். வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் மகள் நறுக்கித் தந்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கை முறத்திலிருந்து அப்படியே சரித்தேன். அது ஓரம் சிவந்து முறுகியதும், முந்தின நாள் இட்லியை உதிர்த்து வைத்திருந்ததைக் கொட்டினேன். கடைசியில் முட்டை. அதையும் மகள்தான் உடைத்து ஊற்றினாள்.

"ஏம்மா, கையில இன்னா? எல்லாத்தையும் என்னியே செய்யச் சொல்ற?"

"ஒண்ணுமில்ல. நீ ஊத்து."

மிளகுத்தூள் போட்டுப் புரட்டியதும் வாசனை தெருக்கோடி வரை போயிருக்க வேண்டும். பாவில் நின்றிருந்த கொழுந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னா அண்ணி, இன்னும் கிளறிகினே கீற? ஜல்தி ஆவட்டும். பசி உயிர் போவுது."

சொல்லிக்கொண்டே குனிந்து, சட்டியில் முறுகிக் கிடந்த கிழங்கை முட்டையோடு அள்ளி வாயில் போட்டான். நாலு விரலும் பளபளவென்று மின்னின. விரலைச் சப்பிக்கொண்டே பாவுப் பக்கம் திரும்பினான்.

"தம்பி, நில்லு" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "அது எண்ணெய்க் கை. பாவாண்ட போவாத."

அவன் சிரித்தான். "கழுவிட்டுப் போறேன், அண்ணி. இதுக்குப் போய் பேஜார் பண்ணிகினு."

"கழுவினா பிசுக்கு போயிடுமா?"

மாமியார் கஞ்சிப் பானையைக் கீழே வைத்தார். பாவின் மறுமுனையைப் பிடித்திருந்த பெரியவர் ஒருவர், "அந்தம்மா சொல்றது நாயம்தானே. நீ தள்ளிக்கோப்பா" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை.

நான் என் இரண்டு கைகளையும் மாமியாரிடம் நீட்டினேன். "பாருங்க அத்த. ஒரு பொட்டு எண்ணெ இல்ல."

அவர் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இப்படித் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

கரண்டியைக் கொழுந்தன் கையில் கொடுத்தேன். "அடி புடிக்கும். கிளறிகினே இரு."

சீயக்காய் போட்டுக் கைகழுவித் துடைத்துக்கொண்டு பாவில் அவன் நின்றிருந்த இடத்தில் போய் நின்றேன். ஒரு இழை அறுந்து தொங்கியது. எச்சில் தொட்டு முறுக்கி முடிந்தேன். விரல் மறக்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. சந்து முனையிலிருந்து கருகல் வாசனை வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து போகப் பார்த்தாள். "உக்காரு. அவன் பாத்துப்பான்" என்றேன்.

பாவைச் சுருட்டிய பிறகுதான் சாப்பிட்டோம். கிழங்கு பாதி கருகியிருந்தது. கொழுந்தன் சுரண்டிச் சுரண்டிப் பரிமாறினான். அவன் கண் புகையில் சிவந்திருந்தது. எனக்குப் பரிதாபம் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, பாவு நாளில் மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டேன். கருகல் கசந்தது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன்.

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் மெதுவாக, "பாவுல நிக்கணும்னா என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"நேத்தே சொன்னேங்க."

அவர் வாயில் வைத்ததை மெல்லாமல் என்னைப் பார்த்தார். சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சட்டியைக் கழுவ மட்டும் போகவில்லை.