கலங்கலா, உப்பா?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் எல்லாமே வெள்ளையாக இருக்கிறது: தரை, வாசல் வேப்பமரம், இங்கே வேலை பார்க்கும் ராணியக்காவின் புருவம். வெயில்கூடப் பால் கலந்ததுபோல் விழுகிறது. தான்சானியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அனுப்ப, தண்ணீர் வடிகட்டும் ஃபில்டர் கேண்டில் வாங்க வந்திருக்கிறேன். அந்தப் பள்ளிக்கு உதவும் குழுவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

உடைந்த கேண்டில் துண்டு ஒன்றை ராணியக்கா நீட்டுகிறார்.

"நாக்குல வச்சிப் பாருங்க."

வைக்கிறேன். மண் நாக்கை மெல்லப் பிடித்து இழுக்கிறது.

"ஒட்டுதா? ஒட்டுனாத்தான் தண்ணி உள்ள எறங்கும்."

கண்ணை மூடுகிறேன். கடலுக்கு அப்பால் ஒரு வகுப்பறை, அதன் மூலையில் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர், தம்ளரோடு காத்திருக்கும் பிள்ளைகள்.

"அங்க தண்ணி கலங்கலாங்க, உப்பாங்க?"

"தெரியலையேக்கா."

"கலங்கல்னா இது வடிகட்டிடும். உப்புன்னா ஒண்ணும் பண்ணாதுங்க. எங்க வூட்டுத் தண்ணி உப்பு. இத்தினி வருஷமா இதத்தான் செய்யறேன், வூட்டுல ஒண்ணுகூட மாட்டல."

எனக்காகக் கட்டிய கேண்டில் பெட்டியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டருக்கு வருகிறேன். நாக்கு இன்னும் வறண்டிருக்கிறது. கீபோர்டில் விரல்பட்ட எழுத்துகளிலெல்லாம் வெள்ளைத்தூள் ஒட்டுகிறது. மூன்று மாதமாக அந்தப் பள்ளியின் தலைமையாசிரியைக்கு நான் எழுதியதெல்லாம் நாங்கள் என்னென்ன அனுப்பப்போகிறோம் என்பதுதான்.

இன்று ஒரே வரி எழுதுகிறேன்: உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி இருக்கும்?