ஆர்லீன் ஓட்டாத கார்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் மையர்ஸ்டவுனைச் சுற்றி எந்தக் கடை வாசலில் நீங்கள் காரை நிறுத்தினாலும், உங்கள் காலுக்குக் கீழே இருப்பது நான் போட்ட தார். ஒரு மண்வெட்டியும் கைவண்டியுமாகத் தொடங்கி, என் பெயர் எழுதிய லாரிகள் வரிசையாக நிற்கும் அளவுக்கு வந்தவன். என்னைப் பற்றிப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. என் தங்கை ஆர்லீனைப் பற்றிப் பேச யாருமில்லை. அதனால் இது அவளுக்கு.

ஆர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். இருபத்தாறு வயதில் ஏறியவள், ஓய்வு பெற்றுத்தான் இறங்கினாள். பென்சில்வேனியாவின் ஜனவரிக் காலைகளில் சாலை கண்ணாடியாக உறைந்து கிடக்கும். பின்னால் ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, மலைச் சரிவில் அந்த மஞ்சள் வண்டியை நிதானமாக இறக்குவாள். ஒரு விளக்குகூட உடைந்ததில்லை. எங்கள் குடும்பத்துக்கே கை அப்படி.

அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டில் நின்ற ஒரு காரை ஓட்ட அனுமதியில்லை.

அது அவள் கணவன் மெர்வினின் சிவப்பு கார்வெட். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. தரையை உரசுவதுபோல் போகும் வண்டி. அதுவும் போதாதென்று ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் தாழ்த்தி வைத்திருந்தான். ஆர்லீன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். “அது வேற மாதிரி வண்டி, ஆர்லீன். கிளட்ச் பழகணும்” என்பான். எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று ஆர்லீனின் கார் கிளம்பவில்லை. அன்றும் சாவியைத் தரவில்லை. வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனே ஓட்டிக்கொண்டு போனான். மெர்வின் கெட்டவன் இல்லை. மனைவிக்கு உடம்பு முடியாவிட்டால் இரவெல்லாம் விழித்திருப்பான். அந்தச் சாவி விஷயத்தில் மட்டும் கல். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும்போதெல்லாம், அவன் கியர் மாற்றுகையில் அவளுடைய இடது காலும் சேர்ந்து அழுந்தும். என் லாரி பக்கத்தில் போகும்போது மேலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் மூவரும் ஃப்ளோரிடா போகத் திட்டம் போட்டோம். மெர்வினுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தொலைதூரம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நான் ஓட்டறேன்” என்றாள் ஆர்லீன், பல வருஷத்துக்குப் பிறகு.

“எதுக்கு? ரயில்ல ஏத்திடலாம்” என்றான் மெர்வின்.

வர்ஜீனியாவில் லார்ட்டனில் காரோடு ஏறினால் மறுநாள் காலை ஃப்ளோரிடாவில் இறக்கிவிடும் ரயில் அது. லார்ட்டன் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அவனே ஓட்டினான். நான் என் பிக்கப்பில் பின்னாலேயே போனேன்.

நிலைய ஊழியர் ஒருவர் குனிந்து, காருக்கு அடியில் ஒரு மரக்கட்டையைத் தள்ளிப் பார்த்தார். கட்டை இடித்தது.

“சார், ரொம்பத் தாழ்வா இருக்கு. ரயிலுக்குள்ள போற சரிவுல இது ஏறாது.”

மெர்வினுக்கு முகம் வெளுத்தது. சரிவு என்றால் என் தொழில். எது எங்கே இடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆர்லீனின் பெட்டிகள், ஒரு கருவிப் பெட்டி, தரையில் உருட்டி ஆடும், கல்லாய்க் கனக்கும் இரண்டு பௌலிங் பந்துகள்.

“ஏம்ப்பா, ஃப்ளோரிடாவுல பந்து கிடைக்காதா?”

“என் விரலுக்கு அளவெடுத்துச் செஞ்சது, ஹார்லன்!”

எல்லாவற்றையும் என் பிக்கப்புக்கு மாற்றினோம். வண்டி மூச்சு விட்டதுபோல் எழும்பியது. கட்டை உள்ளே போனது.

அடுத்து, கதவில் எண் ஒட்ட வந்தார்கள். காந்தப் பட்டை வழுக்கி விழுந்தது. அந்தக் காரின் உடம்பு இரும்பில்லையே, ஃபைபர். டேப்பை எடுத்தார்கள்.

“பெயின்ட் மேல டேப்பா!” என்று மெர்வின் அலறினான்.

கடைசியில் சூயிங்கம் மென்றபடி ஒரு ஆள் வந்து கையை நீட்டினான். சொந்தக்காரர்கள் ரயிலுக்குள் ஓட்டக் கூடாது, அவர்கள் ஆட்கள்தான் ஓட்டுவார்கள். மெர்வின் சண்டை போடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டான். தோளில் வேறு தட்டினான்.

“கிளட்ச் கொஞ்சம் மேல பிடிக்கும் தம்பி. ரெண்டாவது கியர் முரண்டு பண்ணும், பயப்படாத.”

ஆர்லீன் கைப்பையை மார்போடு அணைத்தபடி, கார் ரயிலுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரவுச் சாப்பாட்டில் அவள் முள்கரண்டியைத் தொடவில்லை.

“கோழி நல்லாத்தானே இருக்கு?” என்றான் மெர்வின்.

“அவன் பேரு என்ன?”

“எவன் பேரு?”

“சாவி குடுத்தியே, அவன் பேரு.”

“எனக்கெப்படித் தெரியும்?”

“என் பேரு தெரியுமில்ல?”

மெர்வின் ரொட்டியைக் கீழே வைத்தான். “அது ரயில்காரங்க ரூல், ஆர்லீன்.”

“முன்னாடியே தெரியாமப் போச்சே. நானும் ஒரு ரூல் எழுதி சுவத்துல ஒட்டியிருப்பேன்.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்று என் கோழியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன். படுத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்நியனிடம் கொடுத்தால் கார் திரும்பி வந்துவிடும், அவனுடையதாகவே இருக்கும். மனைவியிடம் ஒருமுறை கொடுத்துவிட்டால் அது இருவருடைய கார் ஆகிவிடும். அவன் பயந்தது கிளட்ச்சுக்கு இல்லை என்று தோன்றியது.

காலையில் ஃப்ளோரிடாவின் சான்ஃபோர்டில் இறங்கி, வெயிலில் பெஞ்சில் காத்திருந்தோம். கார்கள் எந்த வரிசையும் இல்லாமல் வந்தன. ஒலிபெருக்கியில் எண்ணைச் சொல்வார்கள், சொந்தக்காரர் எழுந்து போவார். என் பிக்கப் முதலிலேயே வந்துவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் எங்கள் டேப் எண்ணைக் கூப்பிட்டார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டதால் மெர்வின் தட்டுத்தடுமாறி எழுந்தான். அதற்குள் ஆர்லீன் போய்விட்டாள். காரை ஓட்டிவந்து இறங்கிய ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். “தேங்க்ஸ் தம்பி” என்று உள்ளே அமர்ந்து இருக்கையை முன்னால் இழுத்தாள்.

மெர்வின் ஜன்னலருகே போய் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“அந்தப் பக்கம் ஏறு” என்றாள் ஆர்லீன். “பெல்ட் போடு. கையை வெளிய நீட்டாத.”

மெர்வின் ஜன்னலிலிருந்து கையை எடுத்தான். பிறகு காரைச் சுற்றிப் போனான். அத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததேயில்லை. எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல், கூரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தன்னை அவள் இருக்கைக்குள் இறக்கினான்.

நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் சாலைக்குக் குறுக்கே தண்டவாளம். ரயில் ஏதுமில்லை, விளக்கும் எரியவில்லை. முன்னால் போன எல்லோரும் அப்படியே தாண்டிப் போனார்கள். ஆர்லீன் நின்றாள். கார்வெட்டின் கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டாள். தண்டவாளத்தில் நின்று பார்த்துத்தான் போக வேண்டும் என்பது பள்ளிப் பேருந்துக்குச் சட்டம்; தினமும் செய்தது. எனக்குப் பின்னால் ஹாரன்கள் கத்தின. மெர்வின் தலை அசையவில்லை.

கதவைச் சாத்தினாள். தண்டவாளத்தை அடி உரசாமல் கோணலாகத் தாண்டினாள். அப்புறம் மிதித்தாள் பாருங்கள். இரண்டாவது கியர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. நானும் மிதித்தேன், பின்னால் பௌலிங் பந்துகள் உருண்டு இடித்தன. சாலையில் யாரையும் முன்னே போகவிட்டுப் பழக்கமில்லாதவன் நான். அன்று அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை.