மலரக்காவின் முதல் விருந்தாளி

வெள்ளி, மாலை நான்கு மணி. இத்தாலியின் பலெர்மோ விமான நிலையத்திலிருந்து நகருக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பஸ்ஸில் என் அருகே க்வென். கார்டிஃபில் என் பக்கத்து வீட்டுக்காரர், வேல்ஸ் மொழி கற்பித்து ஓய்வு பெற்றவர். நகரின் கால்சா பகுதியில் என் அக்கா மலர் தன் வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறாள். முதல் விருந்தாளியைப் பிடித்துக்கொண்டு போகும் தரகர் நான். இது சரிவந்தால், அடுத்தவர் வீடுகளைக் கூட்டித் துடைக்கும் வேலையை அக்கா விட்டுவிடலாம்.

வழியில் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற ஊரைத் தாண்டும்போது, விருந்தோம்பலுக்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஹ்லெட்டிகரூஹ்."

தொடக்கத்தில் நாக்கைப் பல்லில் முட்டவைத்துப் பக்கவாட்டால் காற்றை விட வேண்டுமாம். விட்டேன். முன்னிருக்கைக்காரர் பிடரியைத் துடைத்துக்கொண்டார்.

'ஹ்லெட்டி' தங்குமிடம், நடுவில் வருவது நேசித்தல், கடைசி 'ஊஹ்' நம்முடைய 'மை' விகுதி மாதிரி. ஆக, இடம் கொடுப்பதில் பிரியம். எனக்கு உடனே தமிழ்த் திமிர் ஏறிவிட்டது. "விருந்து என்றால் முதலில் புதுமை. பிறகுதான் புதிதாய் வந்த ஆள். சாப்பாடு அதற்கும் பிந்தியது. ஓம்பல் என்றால் பேணுதல்."

"எங்கள் சொல் அறையிலிருந்து தொடங்குகிறது. உங்களுடையது வாசலில் நிற்பவரிடமிருந்து" என்றார் க்வென். சொல்லை நானே உருவாக்கியதுபோல் மீசையை நீவிக்கொண்டேன்.

ஐந்தரைக்கு மூன்றாம் மாடியில் மணியடித்தோம். ஏப்ரனுடன் அக்கா கதவைத் திறந்தாள்.

"சிஞ்ஞோரா இருக்கிறாரா?" என்று க்வென் வீட்டுக்காரியைத் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் விசாரித்தார்.

பிறர் வீட்டுக் கதவுகளையே திறந்து பழகிய அக்கா, பணிவாக அதே மொழியில் சொன்னாள்: "சிஞ்ஞோரா வீட்டில் இல்லை."

உள்ளேயிருந்து மகள் ஆரணி கத்தினாள்: "மம்மா! விசரே? சிஞ்ஞோரா நீங்கள்தானே!"

"ஐயோ, வாய் பழகிப்போச்சு."

"சரி, அவ வந்தாப் பிறகு வாறம்" என்று நான் பெட்டியைத் தூக்கினேன்.

"உள்ளுக்கு வாடா, குரங்கு!"

சிரித்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

சனி காலை. இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு, வேலைக்குப் போகும் வீடுகளில் நிற்பதுபோலவே அக்கா க்வெனின் பின்னால் நின்றாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ஒன்பது மணிக்குத் தொலைபேசி. வேலை செய்யும் வீட்டிலிருந்து. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட்டமாம், உடனே வரட்டாம்.

ஆரணி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நானும்தான்.

"இன்று வர முடியாது" என்றாள் அக்கா இத்தாலியனில். "என் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்."

ஏப்ரனைக் கழற்றினாள். நாற்காலியை இழுத்து க்வெனுக்கு எதிரே இருந்து, தனக்கும் இடியப்பம் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, குசினியிலை சொதிச் சட்டி கிடக்கு. கழுவு."

"நானும் விருந்தாளியெல்லோ, அக்கா?"

"நீ வீட்டு ஆள். போ."

போனேன். கார்டிஃபில் என் சொந்தச் சட்டியைக்கூட இவ்வளவு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேய்த்ததில்லை.