மூன்று கால் குதிரைச் சாமிமேல் ஒரு சத்தியம்

கோச்சடை முத்திருளன் இரண்டாம் உலகச் சண்டைக்குப் போனானே தவிர, துப்பாக்கி பிடிக்கவில்லை, லாரி ஓட்டினான். பாரசீகத்து மலைப்பாதைகளில் சரக்கேற்றிப் போய், தப்ரீஸ் நகரத்தில் ருஷ்யப் பட்டாளத்திடம் ஒப்படைக்கும் வேலை. அங்கே சரக்கு வாங்க வந்த கஸ்பெக் என்பவன் ருஷ்யாவின் ஒசேத்திய மலைநாட்டுக்காரன். இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த பாரசீகத்தில் அவன் கதை கதையாகச் சொன்னான். வானத்துக் கொல்லன் குர்தலகோன் உலையிலிட்டுப் பதமேற்றிய எஃகு உடம்பு வீரன் பத்ராஸ். மூன்று கால் வெள்ளைக் குதிரையேறி வழிப்போக்கரைக் காக்கும் உவாஸ்திர்ஜி. அந்தச் சாமியின் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லக்கூடாதாம். 'ஆம்பளைக சாமி' என்றுதான் அவர்கள் சொல்வார்களாம். பொய்ச் சத்தியம் செய்தவனை அது விடாதாம்.

போர் முடிந்து ஊர் திரும்பியவன் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். ஊரும் வாய் பிளந்து கேட்டது.

மறு வருஷம் ஒரு மத்தியானம் பரவைக்குப் பக்கத்தில் மரம் ஏற்றிய லாரி ஓட்டி வந்த முத்திருளன் கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது ஊர்க்காரி சோலையம்மாளின் உழவு மாடு அடிபட்டுச் சாலையோரம் கிடந்தது. நிறுத்தாமல் போய்விட்டான். பின்னால் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸை ஓட்டி வந்த பால்பாண்டி இறங்கி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். ஓடி வந்தவர்கள் அவனைத்தான் பிடித்தார்கள்.

"முன்னால ஒரு லாரி போச்சுய்யா, தூசிக்குள்ள" என்றான் பால்பாண்டி.

கூட்டம் கூடியது; அந்த வழியில் லாரி ஓட்டுகிறவன் என்று முத்திருளனையும் கூப்பிட்டார்கள். "பாண்டி கோயிலுக்கு வா மாப்ள. சூடத்தை அணைச்சுச் சொல்லு, நீ அடிக்கலைன்னு" என்றார் பெரியவர் விருமாண்டி, முத்திருளனைப் பார்த்து.

பாண்டி முனி பக்கத்திலேயே இருக்கிறார். பொய்ச் சத்தியம் செய்தால் விடமாட்டார். கடலும் மலையும் தாண்டி அந்த மூன்று கால் குதிரை எங்கே வரப்போகிறது என்று முத்திருளன் கணக்குப் போட்டான்.

"ரோட்டுச் சமாச்சாரத்துக்கு ரோட்டுச் சாமி இருக்குல்ல? உவாஸ்திர்ஜி மேல சத்தியமா நான் அடிக்கலை."

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. சோலையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆம்பளைக சாமியே சொல்லிருச்சு. உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்ண்ணே, மனசுல வச்சுக்காதீக."

அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. தான் சொல்லிக்கொடுத்த பயத்தை அவள் இம்புட்டு மரியாதையாகக் காப்பாற்றுவதைக் கண்டதும் முத்திருளனுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பஸ் முதலாளி பால்பாண்டியை வேலையை விட்டு நிறுத்தினார். சோலையம்மாள் ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு, உழவுக்கு ஜோடி மாடு கேட்டு வீடு வீடாக அலைந்தாள். டீக்கடையில் யாராவது "பத்ராஸ் கதைய எடுத்து விடுண்ணே" என்றால், தொண்டை சரியில்லை என்று முத்திருளன் எழுந்து போனான்.

ஆடி மாதம் பால்பாண்டி ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"மாப்ள, அந்தச் சாமிக்குச் சேவல் ஆகுமா?"

"எதுக்குடா?"

"நான்தான் மாட்டை அடிச்சிருப்பேன் போல. பொய்ச் சத்தியத்தை விடாத சாமி உன்னைக் கல்லுக்குண்டாட்டம் வச்சிருக்கே. அப்ப நான் பார்த்த லாரி? தூசியில கண்ணு ஏமாத்திருச்சு. இந்தக் கண்ணை வச்சு இனி எப்படி வண்டி ஓட்ட? எனக்காக மன்னாப்புக் கேளு மாப்ள. அந்தச் சாமியோட பாஷை உனக்குத்தான் தெரியும்."

முத்திருளன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"லாரி போனது நெசம்டா. ஓட்டினது நான்."

பால்பாண்டி கை ஓங்குவான் என்று தலையைக் குனிந்துகொண்டான். அடி விழவில்லை. சேவல் கை நழுவி ஓடியதைக்கூட பால்பாண்டி கவனிக்கவில்லை.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா மாப்ள?"

இதற்கு அவன் அடித்தே இருக்கலாம்.

"நல்லா இருக்குடா" என்றான் முத்திருளன், தரையைப் பார்த்தபடியே.